சோதித்துப் பார்த்துத் திருப்தியுடன்

ஞானபூரணி டீச்சரிடம் ஒரு பொருளை விற்றுவிட்டுச் சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்தவர் காரைக்குடியில் யாரும் இல்லை. முட்டையை ஒவ்வொன்றாகக் காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். கடைக்காரர் தடுக்கத் தடுக்கச் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பிடித்து இழை பார்ப்பாள். செக்காலை ரோட்டு மீன்காரி அவள் தலை தெரிந்ததுமே செவுளைத் தூக்கிக் காட்டத் தயாராகிவிடுவாள். "காலையில வந்த மீனு டீச்சர்" என்றால், "அதை மீனு சொல்லட்டும், நீ சொல்லாத" என்பாள். ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் தன்னை ஏமாற்றுவதற்கென்றே காலையில் எழுந்து பல் விளக்குகிறார்கள் என்பது அவளுடைய திடமான எண்ணம். நாற்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களையும் இப்படித்தான் ஆட்டிப் பார்த்திருப்பாள் என்று பின்னால் பேசிச் சிரித்தார்கள். முன்னால் சிரிக்க யாருக்கும் தைரியம் இல்லை.

பள்ளிக்கூட டீச்சர் இல்லை அவள். டைப்ரைட்டிங் டீச்சர். தமிழும் ஆங்கிலமுமாகப் பதினான்கு மெஷின் வைத்து இன்ஸ்டிடியூட் நடத்தினாள். பழைய மெஷின்களை வாங்குவதிலும் விற்பதிலும் அவளுக்கு இணையாக இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. ஒரு மெஷினைப் பார்த்த மாத்திரத்தில் அது எத்தனை வருஷம் உழைத்தது என்று சொல்லிவிடுவாள். சாவிகளின் மேல் எழுத்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு ஒரு கைக்குட்டையால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு கடகடவென்று ஒரு பக்கம் அடிப்பாள். எந்தச் சாவி சோம்பேறி, எந்தச் சாவி ஒட்டுகிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

விற்பதற்கு அவளுக்குத் தனியாக ஒரு வழக்கம் உண்டு. மெஷினை வாங்குகிறவர், அதே மெஷினில் தன் கையாலேயே ரசீதை அடிக்க வேண்டும். 'மேற்படி இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். இனிமேல் குறை கூற எனக்கு உரிமை இல்லை.' அடியில் கையெழுத்து. தேவகோட்டையில் புதிதாக இன்ஸ்டிடியூட் தொடங்கிய மஹாலட்சுமி என்ற பெண் இப்படித்தான் அடித்துக் கொடுத்துவிட்டு ஒரு மெஷினை எடுத்துப் போனாள். மூன்றாம் நாள் ஸ்பிரிங் விட்டுப்போய் மெஷினில் உருளை நகரவே இல்லை. அந்த ஸ்பிரிங் நாள் எண்ணிக்கொண்டிருந்தது ஞானபூரணிக்கு முன்பே தெரியும். அழுதுகொண்டு வந்த மஹாலட்சுமியிடம் ரசீதை எடுத்து நீட்டி, "இது யாரு அடிச்சது? நானா அடிச்சேன்?" என்று கேட்டாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். ஞானபூரணி அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள்.

தொண்ணூற்று எட்டாம் வருஷம் வந்தபோது பதினான்கு மெஷினில் ஆறு மெஷினுக்குத்தான் ஆள் வந்தது. எதிர்ச் சாரியில் பாண்டியராஜன் என்ற இளைஞன் கம்ப்யூட்டர் சென்டர் திறந்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்து, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னான். செருப்பைக் கழற்றுகிற இடத்துக்கு இருக்கிற மரியாதையே தனி. பிள்ளைகள் எல்லாம் அங்கே போய்க் கழற்றினார்கள்.

இதெல்லாம் கூட ஞானபூரணிக்குப் பெரிதில்லை. அவளுடைய பயம் தங்கை ஜெரினாவைப் பற்றியது. அம்மா செத்தபோது ஜெரினாவுக்கு எட்டு வயது. அவளுக்குச் சோறு போட்டு, தலை சீவி, பேன் பார்த்து, படிக்க வைத்து ஆளாக்கியது ஞானபூரணிதான். ஆறு மாதம் மதுரையில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்த ஜெரினாவைப் பாண்டியராஜன் இரண்டு முறை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டான். "இங்க ஒரு கம்ப்யூட்டர் வந்தா நான் ஏன்க்கா அங்குட்டுப் போறேன்" என்று ஜெரினா சொன்னாள். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் ஞானபூரணி திட்டுவதற்குக்கூட ஆள் இருக்காது. எனவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டும். புதிதாக வாங்க வசதியில்லை. பழையது வாங்குவதில்தான் அவள் கெட்டிக்காரி ஆயிற்றே.

நேரம் பார்த்து ஒரு வேலையும் வந்தது. சாக்கோட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பங்குக் கோயிலுக்கு நூறாண்டு நிறைவு. விழா மலர் போட வேண்டும். மலர்க் குழுவின் செயலாளர் தைரியநாதன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேலையை ஞானபூரணிக்கே கொடுத்தார். தொண்ணூறு பக்கம் எழுத்து, கலர் அட்டை. அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன் கம்ப்யூட்டர் திரையிலேயே குழு பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மாதம் ஒருமுறை குருநாதன் என்பவன் வந்து தங்குவான். மெட்ராஸில் மூடிப்போன கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை வாங்கி வந்து, லாட்ஜ் கட்டிலில் பரப்பி வைத்து விற்பான். அக்காளும் தங்கையும் அங்கே போனார்கள். குருநாதன் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

"இது ராசியான பெட்டி டீச்சர். இதுல உள்ள டிஸ்ப்ளே கார்டு மட்டுமே தனியா வித்தாலும் போகும். நாலு எம்பி. பெரிய கம்பெனிச் சரக்கு."

டிஸ்ப்ளே கார்டு என்பது பெட்டிக்குள் செருகியிருக்கிற ஒரு சின்ன அட்டை. திரையில் படத்தைக் கொண்டுவருவது அதுதான். அதில் எவ்வளவு மெமரி இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் கலர் தாங்கும். பெட்டியைப் போட்டதும் திரையின் முதல் வரியில் கம்பெனிப் பெயரும் நாலு எம்பி என்பதும் ஓடி மறைந்தன.

ஞானபூரணி கீபோர்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. "அதிகம் உழைக்காத மெஷினு" என்று தங்கையிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, கீபோர்டு தனி, பெட்டி தனி. புதுக் கீபோர்டை எந்தப் பெட்டியில வேணும்னாலும் சொருகலாம்."

"வாய மூடு."

பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாள். லாட்ஜ் பையன்கள் வாசலில் கூடிவிட்டார்கள். டைப்ரைட்டர் முறையிலேயே தமிழ் அடிக்கிற வசதியைக் குருநாதன் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தான். ஆள் அறிந்து கடை விரிக்கிறவன் அவன். அரைமணி நேரம் அடித்துவிட்டுக் கட்டை அவிழ்த்தபோது திரை நிறைய எழுத்து. ஒரு பிழை இல்லை.

ஜெரினா மறுபடியும் மெல்ல வாயைத் திறந்தாள். "அக்கா, ஒரே ஒரு கலர் போட்டோவ, முழுக் கலருல போட்டுப் பாத்துருவோம். எழுத்து எந்தக் கார்டுலயும் வரும்."

குருநாதன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை மட்டும் ஞானபூரணி பார்த்திருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். அவளோ தங்கையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ மூக்கொழுகிக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலயே நான் மெஷின் பாத்து வாங்குனவ. எனக்குப் பாடம் எடுக்காத."

"டீச்சருக்குத் தெரியாததா" என்று குருநாதன் பல்லைக் காட்டினான். "ரசீது எப்படி வேணும் டீச்சர்?"

வழக்கம் விடுமா? தன் இன்ஸ்டிடியூட் வாசகத்தையே அந்தக் கம்ப்யூட்டரில் அடித்து, அவனுடைய பிரிண்டரில் எடுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். வாங்குகிறவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் சட்டம். இப்போது வாங்குகிறவள் தான் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. குருநாதன் அதை நாலாக மடித்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தான்.

மூன்று வாரம் பெட்டி பேஷாக ஓடியது. தொண்ணூறு பக்கத்தையும் அக்காளும் தங்கையும் மாறி மாறி அடித்து முடித்தார்கள். ஞானபூரணி எதிர்ச் சாரிக் கண்ணாடிக் கதவை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி நடந்தாள். வீட்டில் இரண்டு நாள் கறி எடுத்தாள். ஜெரினாவும் பாண்டியராஜன் பேச்சை எடுக்கவில்லை.

அட்டைக்கான போட்டோவை மதுரையில் ஸ்கேன் செய்து ஃபிளாப்பிகளில் வாங்கிக்கொண்டு, தைரியநாதன் குழுவினர் மூன்று பேரோடு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்தார். பங்கைத் தொடங்கிய பெரிய சாமியார் வெள்ளை அங்கியில், கையில் ஜெபமாலையோடு, கோயில் படியில் முழு உருவமாக நிற்கிற படம். சிவப்புக் கம்பளம், நீல வானம் என்று மதுரைக்காரர்கள் கலர் ஏற்றியிருந்தார்கள். ஜெரினா திறந்தாள். முகம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

"கலர் கம்மியா வச்சிருக்கு சார். கூட்டுனாச் சரியாயிரும்" என்று சொல்லி, கலரைக் கூட்டி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு மறுபடியும் படத்தைத் திறந்தாள்.

சாமியாரின் தலை வந்தது. தாடி வந்தது. ஜெபமாலை வந்தது. முழங்காலுக்குக் கீழே, பாதம் இருக்க வேண்டிய இடத்தில், மறுபடியும் அவர் தலையே வந்தது. மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை, இரண்டும் ஒரே மாதிரி எல்லோரையும் பார்த்தன. குழுவில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது, சாமியாருக்குக் காலு எங்க?" என்று தைரியநாதன் கேட்டார்.

ஜெரினாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஞானபூரணி முந்திக்கொண்டாள். காரைக்குடியில் யாராலும் ஏமாற்றப்படாத ஒருத்தியின் பெயர் அந்த அறையில் நாலு பேர் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற அவளுக்கு அந்த நேரம் கையில் கிடைத்தது தங்கைதான்.

"இவதான் சார் என்னமோ அமுக்கிக் கெடுத்துட்டா. மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல. நான் அரைமணி நேரம் சோதிச்சு வாங்குனது. கைய வச்சாலே எதையாச்சும் கெடுத்துருவா. சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்."

ஜெரினா கம்ப்யூட்டரை நிறுத்தினாள். பெட்டியின் திருகுகளைக் கழற்றினாள். உள்ளிருந்த டிஸ்ப்ளே கார்டை உருவி மேஜையில் வைத்தாள். பிறகு தன் பையைத் துழாவி ஒரு சின்னப் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தாள். நகப்பாலிஷ் அழிக்கிற மருந்து. அதன் நெடி அறை முழுவதும் பரவியது. கார்டில் ஒட்டியிருந்த கறுப்புச் சில்லுகளில் ஒன்றைப் பஞ்சால் துடைத்தாள். பெரிய கம்பெனியின் பெயர் கறுப்பு மையாகக் கரைந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டது. அடியில் வேறு ஏதோ ஒரு பெயர், வேறு எண் தெரிந்தது. அடுத்த ஆறு சில்லுகளின் கீழே நகத்தைக் கொடுத்து நெம்பினாள். பல் விழுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. அவற்றின் கால்கள் எதிலும் பற்றவைக்கப்படவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"உள்ள இருக்கது ஒரு எம்பி சார். மிச்சமெல்லாம் சும்மா பிளாஸ்டிக். நாலுன்னு திரையில வர்ற வரிய மாத்தி எழுதி விட்டுருக்காங்க. எழுத்துக்கு ஒரு எம்பி போதும். முழுக் கலருக்குப் பத்தாது. பத்தாம போனதும் மேல உள்ளதையே கீழயும் காட்டுது." ஜெரினா தைரியநாதன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கே மதுரை போய் வேற கார்டு வாங்கியாந்துருவேன். ஒரு நாள் பொறுத்துக்கங்க சார்."

தைரியநாதன் அக்காளைப் பார்த்தார். "அப்ப நீங்க என்னத்தச் சோதிச்சுப் பாத்தீக?"

அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். தப்பு என்னோடது சார், ஒரு நாள் கொடுங்க என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் கொடுத்திருப்பார். கொடுக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். ஞானபூரணியோ தங்கையின் கையிலிருந்த சின்னப் பாட்டிலையே வெறித்தாள்.

"இது எத்தன நாளாப் பையில இருக்கு? டைப் அடிக்கிற விரலுக்குப் பாலிஷ் கேக்குதா உனக்கு?"

தைரியநாதன் ஃபிளாப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார். அவரும் குழுவினரும் ரோட்டைக் கடந்து, எதிர்ச் சாரியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது.

"உன்கிட்டச் சொன்னேன்" என்றாள் ஜெரினா. "போட்டோ போட்டுப் பாப்போம்னு சொன்னேன். பாடம் எடுக்காதன்ன. அது கூடப் பரவால்ல. நாலு பேரு முன்னாடி பழிய என்மேல போட்டியே."

"போட்டா என்ன? சோறு போட்டவ போடக் கூடாதா?"

ஜெரினா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் எதிர்ச் சாரியில் அவளுடைய செருப்பும் கிடந்தது. தங்குவதற்குப் பெரியம்மா மகள் மரிய அனிதா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் குருநாதன் வந்த அன்றே ஞானபூரணி லாட்ஜுக்குப் போனாள். கார்டையும் உதிர்ந்த சில்லுகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கட்டிலில் கொட்டினாள்.

"ஏய்யா, பசை வச்சு ஒட்டி ஏமாத்துற பொழப்பு ஒரு பொழப்பா? உனக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

குருநாதன் நிதானமாக ஒரு ஃபைலைத் திறந்து, நாலாக மடித்திருந்த தாளை எடுத்து விரித்தான்.

"இது யாரு அடிச்சது டீச்சர்? நானா அடிச்சேன்? சோதிச்சுப் பாத்துத் திருப்தியா வாங்கிக்கிட்டேன்னு கண்ணக் கட்டிச் சோதிச்சுட்டு நீங்கதான் அடிச்சீக. குறை சொல்ல உரிமை இல்லன்னும் நீங்கதான் போட்டிருக்கீக. எனக்கு இப்படி ஒரு வாசகம் தோணவே இல்ல. இப்ப எல்லாருகிட்டயும் இதைத்தான் வாங்குறேன்." ஃபைலைப் புரட்டிக் காட்டினான். அதே வாசகம், ஊர் ஊராக, பத்துப் பன்னிரண்டு கையெழுத்து.

தேவகோட்டை மஹாலட்சுமி கண்ணைத் துடைத்த கைக்குட்டையில் ஓரத்தில் பச்சைப் பூ போட்டிருந்தது என்பது அந்த நேரத்தில் எதற்காகவோ ஞானபூரணிக்கு ஞாபகம் வந்தது. "நாசமாப் போவ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். போகிற வழியெல்லாம் அவனைத் திட்டினாள், மஹாலட்சுமியையும் சேர்த்துத் திட்டினாள். திட்டு தீரவே இல்லை.

எட்டு மாதம் அக்காளும் தங்கையும் பேசவில்லை. ரோட்டில் எதிரே வந்தால் ஞானபூரணி கடைப் பலகை எதையாவது வாசிப்பாள். கோயிலில் ஆளுக்கொரு பக்கம் நின்று பூசை கண்டார்கள். மலர் வெளிவந்தது. அட்டையில் பெரிய சாமியார் செருப்பு போட்ட இரண்டு பாதத்தோடும் நின்றார். கடைசிப் பக்கத்தில் கணினி வடிவமைப்பு என்று ஜெரினாவின் பெயர் இருந்தது. ஞானபூரணி ஒரு பிரதி வாங்கி, அந்தப் பக்கத்தில் அச்சுப் பிழை இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தாள். இல்லை.

மெஷினுக்கு வருகிற பிள்ளைகள் மூன்றாகக் குறைந்தபோது வேறு வழி இல்லாமல் போயிற்று. பெட்டி சும்மா கிடக்கிறது, நல்ல கார்டு ஒன்று போட்டால் ஓடும். மதுரையில் விசாரித்தாள், ஒருவனையும் நம்ப முடியவில்லை. ஒரு மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

மேஜைக்குப் பின்னால் ஜெரினாதான் இருந்தாள். விரல் நகங்களில் வெளிர் சிவப்பாகப் பாலிஷ். ஞானபூரணி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன வேணும் டீச்சர்?"

அக்கா இல்லை, டீச்சர். அதை ஞானபூரணி முழுங்கிக்கொண்டாள்.

"நாலு எம்பி கார்டு ஒண்ணு. பழசு போதும்."

ஜெரினா ஒரு கார்டை எடுத்து, சில்லுகளை வாடிக்கையாளர் கண் முன்னாலேயே பஞ்சால் துடைத்துக் காட்டினாள். எழுத்து அழியவில்லை. நகத்தால் நெம்பிக் காட்டினாள். ஒன்றும் அசையவில்லை. பெட்டியில் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டு, கீபோர்டை அக்காள் பக்கம் தள்ளினாள்.

"அடிச்சுப் பாக்குறீங்களா?"

கைக்குட்டை ஞானபூரணியின் இடுப்பில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"ஒரு கலர் போட்டோ போட்டுக் காட்டு" என்றாள். "முழுக் கலருல."

ஜெரினா அந்தப் பெரிய சாமியார் படத்தையே திறந்தாள். தலை வந்தது, தாடி வந்தது, ஜெபமாலை வந்தது, கடைசியில் இரண்டு பாதமும் வந்தன. ஞானபூரணி அந்தப் பாதங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னது சரி" என்றாள். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எட்டு மாதமும் ஒரு ரோடும் தேவைப்பட்டிருந்தன. "வீட்டுக்கு வா."

ஜெரினா திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து கீபோர்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ரசீது அடிச்சுக் குடுங்க டீச்சர். வாசகம் உங்களுக்குத் தெரியும்."

"எங்கிட்டயுமா ஜெரி?"

"அது இல்லாம இங்கருந்து எதுவும் வெளிய போகாது. நான் சொல்லித்தான் பாண்டியராஜன் இந்தச் சட்டத்த வச்சாக. எனக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு அவுகளுக்குத் தெரியாது."

ஞானபூரணி விரல்களைச் சாவிகளில் வைத்தாள். கண்ணைக் கட்டாமலேயே அவளுக்கு எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் அடித்தாள். சோதித்துப் பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனிமேல் குறை கூற எனக்கு உரிமை இல்லை. ஜெரினா தாளை எடுத்து வரி வரியாகப் படித்துப் பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை. ஃபைலில் வைத்து மூடிவிட்டு, "அடுத்தவுக வாங்க" என்று கூப்பிட்டாள்.